ஓரிரு இடங்களில்

அவசரமில்லை தம்பி. நிதானமாகப் பாருங்கள். வெளியே வெள்ளைச் சட்டையோடு நிற்கிறாரே, அவர் எங்கள் ஊர்த் தலைவர் வைத்தியலிங்கம். அவர் அப்படித்தான். "பத்து நிமிஷத்துல ஆயிடுமா, பத்து நிமிஷத்துல ஆயிடுமா" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு நாளாகச் செத்துக் கிடக்கிற மைக் செட்டுக்குப் பத்து நிமிஷத்தில் எப்படி உயிர் வரும்? நீங்கள் சீர்காழியிலிருந்து இந்த மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். முதலில் தலையைத் துவட்டுங்கள். அந்தத் துண்டு சுத்தமானதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் விழுந்த இடியில் போனது. இடி விழுந்தது என்னவோ தெற்குத் தெரு தென்னையில். ஆனால் கம்பத்தில் இருக்கிற நாலு ஹாரனும் ஒரு சத்தம் போட்டன, ஆட்டைக் கழுத்தில் பிடித்தால் கத்துமே, அதுபோல. அதோடு சரி. அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். கல்யாண வீட்டு வேலை, வெள்ளிக்கிழமைதான் வர முடியும் என்றீர்கள். குறை சொல்லவில்லை. நேற்றே வந்திருந்தால் இத்தனை பேச்சு வந்திருக்காது. அதை விடுங்கள்.

வாசிக்க வேண்டியதைத் தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இதோ இந்தத் தாள்தான். ஒரு போட் நம்பர், நாலு பேர். நேற்று மூன்றரை மணிக்குப் போனவர்கள். இன்று காலை ஏழு, எட்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். இப்போது நாலே முக்கால் ஆகிறது. நாலு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் என் கொழுந்தன். அதை அப்புறம் சொல்லுகிறேன்.

எங்கள் நல்லாண்டார்குப்பத்தில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவர்கள் வரத் தாமதமானால் அது அந்தந்த வீட்டுக் கவலை. மைக்கில் பேர் வாசித்த பிறகுதான் ஊர்க் கவலை. வாசித்துவிட்டால் அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். எல்லோரும் கோயில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். தேட எந்தப் போட் போவது, யார் யார் போவது என்று அங்கேதான் முடிவாகும். இந்த ஹாரன் சத்தம் தெற்கே இரண்டு ஊருக்குக் கேட்கும். அந்த ஊர்க்காரர்கள் விசைப்படகு வைத்திருக்கிறார்கள், ஆற்று வாயில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பைபர் போட்டெல்லாம் இந்த அலையில் தீப்பெட்டி. விசைப்படகு போகலாம் என்கிறார் தலைவர், இருட்டுவதற்குள் கிளம்பினால். போனில் சொன்னால் வரமாட்டார்களா என்று கேட்டேன். "மைக்குல வராம எவன் வருவான் மயிலு" என்கிறார். அதற்குத்தான் அந்தப் பறப்பு.

அந்தப் பெட்டியில் எதையோ முகர்ந்து பார்த்தீர்களே, கருகியிருக்கிறதா? கருகித்தான் இருக்கும். நிதானமாகப் பாருங்கள்.

நான் வானிலை வாசிக்கிறவள். பதினோரு வருஷம். இந்த அறையைச் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தார்கள். தினமும் காலை ஐந்தரை, சாயங்காலம் ஐந்தரை. திங்கட்கிழமை மட்டும் கூடுதலாக, அடுத்த ஏழு நாட்களுக்கு உள்ளது. கம்ப்யூட்டரில் வரும், பிரிண்ட் எடுப்பேன், வாசித்துவிட்டு அந்தக் கம்பியில் குத்திவைப்பேன். பாருங்கள், எவ்வளவு உயரத்துக்கு இருக்கிறது. இந்த இடி விழுகிறவரை ஒரு நாள் தவறியதில்லை. என் அம்மா செத்த அன்றுகூட வாசித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆரம்பத்தில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தேன். ஒரு எழுத்து விடமாட்டேன். ஆந்திரக் கடலோரம், அந்தமான் கடல், எல்லாவற்றையும். அப்போது மரியாதை இருந்தது. தெருவில் போனால் பெரியவர்கள்கூட "மயிலு, நாளைக்கு என்னங்கிறான்" என்பார்கள். என்னங்கிறான் என்றால் வானிலை ஆபீஸ்காரன். அவனே என் வாயில் உட்கார்ந்திருப்பதாக அவர்களுக்கு நினைப்பு.

அப்புறம் அந்த ஐப்பசி வந்தது. மூன்று வருஷம் ஆகிறது. முதல் வாரம் கடலுக்குப் போகாதே என்று வந்தது. வாசித்தேன். ஊர் போகவில்லை. வெயில் அடித்தது. இரண்டாம் வாரமும் வந்தது. வாசித்தேன். வெயில் அடித்தது. மூன்றாம் வாரம் சேர்ந்தாற்போல எட்டு நாள். எட்டு நாளும் துணி காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆனது. பக்கத்து ஊர்க்காரர்கள் போனார்கள். ஆற்றுத் தண்ணீர் கலந்ததும் இறால் கரையோரமாக வந்து குவிந்திருந்தது. கூடை கூடையாக ஏற்றினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அவர்கள் கரைக்குப் போய் ஏலத்தில் நின்று வாங்கிவந்து விற்றார்கள். தன் கடலில் கிடந்ததை அடுத்தவன் கரையில் போய் வாங்குவது. அதற்கெல்லாம் யார் காரணம்? நான்.

பூமயில் என்று பேர் வைத்தார்கள் எனக்கு. அந்த வருஷத்திலிருந்து புயல்மயில். குழந்தைகள்கூட அப்படித்தான். ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னாலிருந்து ஒருத்தி, "அக்கா, நாளைக்கு மொளகா காயப்போடணும், கொஞ்சம் மழைன்னு படிச்சு விடுங்களேன்" என்பாள். வரிசை முழுவதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அப்புறம்தான் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். இதோ வெளியே நிற்கிறாரே, இவர்தான் சொன்னார். "மயிலு, நீ நல்லாத்தான் படிக்கிற. மெட்ராசுல பெய்யிறது, ஆந்திராவுல அடிக்கிறதெல்லாம் நமக்கு எதுக்கு? நம்ம ஊருக்கு உள்ளத மட்டும் படி. சனங்க பயந்துக்குது." எல்லோரும் சரி சரி என்றார்கள். இப்போது கேட்டால் மாற்றிப் பேசுவார். நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அன்றிலிருந்து நம் ஊருக்கு உள்ளதை மட்டும் வாசித்தேன். வடக்கு என்று வந்தால் விட்டுவிடுவேன். கொள்ளிடத்துக்கு வடக்கே நடப்பது நம்முடையது இல்லை. தெற்கே கோடியக்கரைக்குக் கீழே என்றால் அதையும் விட்டுவிடுவேன். 'ஓரிரு இடங்களில்' என்று வந்தாலும் விட்டுவிடுவேன். ஓரிரு இடம் என்றால் என்ன? ஒரு இடம், மிஞ்சினால் இரண்டு இடம். இவ்வளவு நீளக் கரையில் அந்த ஒரு இடம் நல்லாண்டார்குப்பமாகத்தான் இருக்க வேண்டுமா? கடைசியில் எனக்கு நாலைந்து வரிதான் மிஞ்சும். அதை அழகாக, நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன். சனங்களுக்கும் சந்தோஷம். மூன்று வருஷம், ஒரு குறையும் வரவில்லை.

ஒரு சங்கடம் என்னவென்றால் கடல் கொள்ளிடத்தோடு நிற்பதில்லை. மீன் வடக்கே ஓடினால் எங்கள் ஆள்களும் வடக்கே போவார்கள். ஆனால் அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். கேட்கவும் கூடாது. கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது தம்பி. உங்கள் பக்கம் எப்படியோ. இங்கே வலை வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால், போட் அலையைத் தாண்டுகிறவரை, எதிரில் வருகிற பெண்பிள்ளைகள் ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று, புயல், சாவு, எதுவும் வாயில் வரக் கூடாது. வந்தால் அன்றைக்குப் போட் இறங்காது. நான் பாவாடை கட்டுகிற வயசில் கோடித் தெருவில் ஒருத்தி, "பாத்துப் போங்க, மேகம் கறுத்திருக்கு" என்று சொல்லிவிட்டாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆறு மாதம் அந்த வீட்டுக்கு யாரும் நெருப்பு, தண்ணீர் கொடுக்கவில்லை.

இது எதற்குச் சொல்லுகிறேன் என்றால், நாளைக்கு உங்களிடம் யாராவது ஏதாவது சொன்னால், எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கொழுந்தன் பேர் தமிழ்வாணன். கூட அஞ்சப்பனும் சபாபதியும் இருந்தார்கள். எப்போதும் அந்த நாலு பேர்தான், ஒரே போட். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். அஞ்சப்பன் மரியாதையாகத்தான் கேட்டான், "நாளைக்குத் திங்கக்கெழமைல்ல, வாரத்துக்கு உள்ளது வருமே, என்னக்கா இருக்கும்" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார், "இவ படிச்சான்னா வர்ற மழையும் வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிடும்டா."

ஊர் சொன்னது வேறு தம்பி. அவர் அதுவரை சொன்னதில்லை. தமிழ்வாணன் சிரித்த சிரிப்பில் டீ டம்ளர் வலை மேலேயே கவிழ்ந்தது. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு போடுவேன், தண்ணீர் வைப்பேன், பேசமாட்டேன். அவரும் பேசவில்லை. அவருக்கு மட்டும் ரோஷம் இல்லையா? தட்டைத் தள்ளினால் இன்னும் வேண்டும், தட்டின்மேல் கையை வைத்தால் போதும். அப்படியே ஓடியது. வாய் இல்லாமலே குடும்பம் நடக்கிறது, பார்த்தீர்களா.

திங்கட்கிழமை தாள் வந்தது. அடுத்த ஏழு நாட்கள். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகும், அது வலுவடைந்து வடக்குக் கரைப்பக்கம் நகரும், சனிக்கிழமை வாக்கில் அங்கே கனமழை. வடக்கு. விட்டுவிட்டேன். எங்கள் மாவட்டத்துக்கு ஓரிரு இடங்களில் மிதமான மழை. அதையும் விட்டுவிட்டேன். கடைசி வரி, ஞாயிறு முதல் வறண்ட வானிலை. அதை வாசித்தேன். சனிக்கிழமை வரைக்கும் லேசாகத் தூறும், ஞாயிற்றுக்கிழமை வெயில் வரும் என்று நானே கொஞ்சம் இழைத்துச் சொன்னேன். அவர் அப்போது தெருவில்தான் நின்றார், கேட்டிருப்பார்.

புதன்கிழமை இடி. வியாழக்கிழமை, அதாவது நேற்று, மத்தியானம் மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஒரு தாள் வந்தது. அது வருகிற நேரமே இல்லை. சனிக்கிழமை வரும் என்றது ஒன்றரை நாள் முந்திக்கொண்டு, தெற்கே திரும்பிவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக எங்கள் மாவட்டத்தின் பேரைத் தனியாகப் போட்டிருந்தது. வடக்கு இல்லை, ஓரிரு இடம் இல்லை. வியாழன் மாலை முதல் சூறைக்காற்று, மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர்வரை. மீனவர்கள் செல்ல வேண்டாம். கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும்.

சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. தட்டிப் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். நான் என்ன மெக்கானிக்கா? தாளை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். பேசாமல் உட்கார்ந்துவிடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி ஒரு சந்து போகிறதே, நீங்கள் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களே, அங்கேதான். எதிரில் நாலு பேரும் வந்தார்கள். தோளில் வலை, கையில் டீசல் கேன். முன்னால் அவர். நான் என்ன செய்ய வேண்டும்? ஒதுங்கினேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். கெட்ட சேதியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டா நிற்க முடியும்?

கிட்டத்தில்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் வலை விட்டுவிட்டுக் காற்று ஏறுவதற்குள் வந்துவிடுவார்கள். மற்ற ஐந்தாறு போட்டும் நேற்று அப்படித்தான் போய்வந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கரை ஏறிவிட்டார்கள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அவர் கடந்து போய்விட்டார். அஞ்சப்பனும் சபாபதியும் போய்விட்டார்கள். தமிழ்வாணன் கடைசி. அவன் நின்றான். நிற்கக் கூடாது, நின்றான். "அண்ணி, வெயிலு எப்ப வருது?" என்றான். முன்னால் போனவர்கள் சிரித்தார்கள். எத்தனை குரல் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். மூன்றா, இரண்டா என்று தெரியவில்லை.

பேச்சைத் தொடங்கியது அவன்தான் தம்பி. வழக்கத்தை மீறியது அவன். கேட்டதற்கு நான் பதில் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம" என்றேன்.

பொய் இல்லை. இடுப்பில் இருந்த தாளிலும் கடைசி வரி அதுதான். ஞாயிறு முதல் வறண்ட வானிலை.

என்ன, கையை நிறுத்திவிட்டீர்கள்? வேலையைப் பாருங்கள். தலைவர் ஜன்னலுக்கு வருகிறார்.

நேரே தலைவர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் இல்லை, மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். அவர் சம்சாரத்திடம் தாளைக் கொடுத்தேன். "முக்கியமானது அண்ணி, அண்ணன் வந்ததும் குடுத்துடுங்க." "டிவி மேல வச்சிட்டுப் போ மயிலு, கையெல்லாம் மாவு" என்றாள். வைத்துவிட்டு வந்தேன். மேலே ரிமோட்டையும் வைத்தேன், பறக்காமல் இருக்க. கொடுக்க வேண்டியவர் வீட்டில் கொடுத்தாயிற்று. இன்று காலையில் அவர் கேட்டார், "அவங்க எறங்குன பொறவா பேப்பர் வந்துச்சு?" நான் தலையை ஆட்டினேன். எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்துகொண்டார்.

இன்னொன்றும் செய்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். ஆற்று வாயைத் தாண்டி ஒரு மணி நேரம் டவர் கிடைக்கும். இரண்டு ரிங் போனதும் வைத்துவிட்டேன். நாலு நாளாகப் பேசாதவள் சட்டென்று எடுத்து என்ன சொல்லுவேன்? ஆனால் மிஸ்டு கால் என்றால் அவருக்கு விளங்கும், நான் இறங்கி வந்துவிட்டேன் என்று. ஐந்து நிமிஷம் கழித்து அவரிடமிருந்து ஒன்று வந்தது. ஒரே ரிங். நான் எடுப்பதற்குள் வைத்துவிட்டார். அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியும். சரி, போகட்டும் என்று அர்த்தம்.

இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது போதும் தம்பி. மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் புளியை ஊறப்போட்டேன். காலையில் அவர் மீனோடு வருவார், குழம்பு வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம் என்று இருந்தேன். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

காலையில் என்றுதான் சொன்னேன். ஆமாம். காலையில்தான் வருவார்கள் என்று தெரியும். நேற்று மத்தியானம் அவர் அடுப்படியில் இரண்டு தூக்கு எடுத்து வைத்திருந்தார். கிட்டத்தில் போனால் ஒரு தூக்கு, தூரம் போனால் இரண்டு. பேசாமல் இருக்கிறபோது இப்படித்தான் தெரிந்துகொள்வது. இரண்டிலும் சோறு போட்டு, ஒன்றில் மாங்காய், ஒன்றில் சுட்ட கருவாடு வைத்துக் கொடுத்தேன். போட்டது என் கைதான். ஆனால் சந்தில் நிற்கும்போது அது நினைப்பில் இல்லை. எப்படி எல்லாம் நினைப்பில் இருக்கும்? வலை வருகிறது, முகத்தைத் திருப்ப வேண்டும், அது மட்டும்தான் நினைப்பில் இருந்தது.

ஆறு மணிக்குக் காற்று எழுந்தது. வாடை இல்லை, நேராகக் கிழக்கே இருந்து. கடைசியாகக் கரை ஏறிய போட்காரன் சொன்னான், "அவங்க வடக்கால போனாங்க. நல்ல தூரம்." வடக்கே என்று அவன் சொன்னபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கு என்னைப் பார்க்க வேண்டும்? வடக்கே நடப்பதை வாசிக்காதே என்று சொன்னவர்கள்தானே?

கேட்கிறதா? ஹாரன் தானாக முனகுகிறது. அதற்குக் கரண்ட் போகவில்லை, ஒன்றும் இல்லை, காற்று அதன் வாயில் புகுந்து வருகிற சத்தம். காலையிலிருந்து இப்படித்தான். வெளியே உட்கார்ந்திருக்கிற பெண்கள் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து கம்பத்தைப் பார்க்கிறார்கள். வாசிக்கத் தொடங்கிவிட்டேனோ என்று.

அந்தச் சுவரோரம், பச்சைப் புடவை, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் செவ்வந்தி. தமிழ்வாணன் பெண்டாட்டி. காலையில் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நேத்து சந்துல அவங்களப் பாத்தீங்களாமே. ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் சொன்னாரு. ஏதாச்சும் சொன்னீங்களா?" என்றாள்.

"ஒன்னும் சொல்லல. சொல்லக் கூடாதுல்ல" என்றேன்.

"அவரு உங்ககிட்ட ஏதோ கேட்டாராம்."

"கேலி பேசிட்டுப் போனாரு. எப்பவும்போலதான்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "வெயில்ல போட்ட மாதிரி எரியுது அக்கா, வயித்துல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அப்போதிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறாள். மழையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். என்னைப் பார்ப்பதில்லை. இந்தக் கதவைத்தான் பார்க்கிறாள்.

நான் சொல்லியிருந்தால் மட்டும் நின்றிருப்பார்களா? நீங்களே சொல்லுங்கள். தாளை நீட்டியிருந்தால் தமிழ்வாணன் வாங்கிக் கப்பல் செய்து விட்டிருப்பான். அவர் சிரித்திருப்பார். வர்ற மழையும் திரும்பிப் போயிடும் என்று மறுபடி சொல்லியிருப்பார். நாலு பேர் முன்னால் இரண்டாவது தடவை. அதற்கு நான் நிற்க வேண்டுமா? போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். நான் வாசிக்கிறவள், அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுக்கிற வேலை எனக்குக் கொடுக்கவில்லை.

இன்று வந்த தாளையும் பாருங்கள். இன்று இரவு கரையைக் கடக்கும் என்று போட்டிருக்கிறது. நாளை குறையும். ஞாயிறு முதல் வறண்ட வானிலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவேயில்லை, பார்த்தீர்களா? திங்கட்கிழமை சொன்னதும் அதுதான், நேற்றுச் சொன்னதும் அதுதான், இன்றும் அதுதான். அந்த ஒன்றையாவது நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகிவிட்டதா?

சிவப்பு விளக்கு எரிகிறது. இவ்வளவு சீக்கிரம் ஆகிவிடும் என்று நினைக்கவில்லை. இல்லை, சந்தோஷம்தான். வேண்டாம், மைக்கை ஊதிப் பார்க்காதீர்கள். ஊதினாலே வெளியே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சுவிட்சை அணைத்தே வையுங்கள். ஒரு நிமிஷம்.

ஒரு உதவி கேட்கட்டுமா? நீங்கள் வாசித்துவிடுகிறீர்களா? முதலில் போட் நம்பர். அப்புறம் நாலு பேர், அப்பா பேரோடு. நிறுத்தி நிறுத்தி வாசித்தால் போதும். காணவில்லை என்று சொல்ல வேண்டாம். கடலில் இருக்கிறார்கள் என்று சொன்னால் போதும். அது உண்மைதானே.

எனக்குத் தொண்டை ஒன்றும் கட்டவில்லை. விஷயம் என்னவென்றால் முதல் பேர் அவருடையது. போட் அவர் பேரில் இருப்பதால் தலைவர் அதை முதலில் எழுதிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. யார் கேட்டாலும் எழுதித்தான் காட்டியிருக்கிறேன். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லுவது அவருக்கு ஆகாது. ஆயுசு குறையும் என்பார்கள். மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்றைக்குப் போய், அதுவும் நாலு ஹாரனில், கடலைப் பார்த்து, நான் சொல்லலாமா?

நீங்கள் வெளியூர், துக்கச் சேதி வாசிக்க மாட்டேன் என்கிறீர்கள். சரிதான். நான் தப்பாக நினைக்கவில்லை. தலைவரைக் கூப்பிடலாம் என்றால், அவர் வந்தால் நீ ஏன் வாசிக்கவில்லை என்று ஆரம்பிப்பார். நேற்று ஏன், எத்தனை மணிக்கு, யாரிடம் என்று எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பார். அதற்கு இப்போது நேரம் இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது.

சரி. நானே வாசிக்கிறேன். போட் நம்பர் வாசிக்கிறேன். அப்புறம் தமிழ்வாணன். அஞ்சப்பன். சபாபதி. மூன்று பேர். போட் நம்பர் சொன்னாலே அதில் அவரும் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரியாதா? மூன்று பேரைத் தேடிப் போகிறவர்கள் நாலாவது ஆளைக் கண்டால் விட்டுவிட்டா வருவார்கள்?

தள்ளி நில்லுங்கள் தம்பி. சுவிட்சைப் போடுங்கள்.